கொக்குமலையிலிருந்து இறங்கிவந்த குரல்

சீனாவில் ஜெஜியாங் மாகாணத்தில், கால்வாய்களுக்கு நடுவே, துணி விற்பதற்கென்றே கட்டினாற்போல் ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊரில் உலகத்துத் துணிக்காரர்கள் எல்லாரும் வந்து கூடுகிற ஒரு சந்தை இருக்கிறது, அந்தச் சந்தையின் மூன்றாம் மாடியில் ஞானதிரவியம் அண்ணாச்சியின் கடை இருக்கிறது, அந்தக் கடைக்குள் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது, அந்தப் பெட்டிக்குள் என் பாஸ்போர்ட் இருந்தது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் அரக்கனின் உயிர் இருக்கும் என்று கதை சொல்வார்களே, அதில் உயிராவது அரக்கனுடையது. இங்கே பெட்டிக்குள் கிடந்தது என்னுடையது.

என் பெயர் இசக்கி. ஊர் கோவில்பட்டி. வேலை, அண்ணாச்சியிடம் துணி பார்ப்பது. வெளிச்சம் போட்ட கண்ணாடிமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும், ஓட்டை, நூல் இழுவை, எண்ணெய்க்கறை கண்ணில் பட்டால் நிறுத்தி ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபிறகு, மகள் மகிழினியை அக்காவிடம் விட்டுவிட்டு, ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லிக் கிளம்பினேன். வந்து இறங்கிய அன்றைக்கே, "தொலைச்சிருவ தாயி, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று அண்ணாச்சி பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு வருஷம் முடிந்து கேட்டேன். சீனப் புத்தாண்டு முடியட்டும் என்றார், முடிந்தது. கண்டெய்னர் கிளம்பட்டும் என்றார், கிளம்பியது. உன் இடத்துக்கு ஆள் வரட்டும் என்றார், ஆள் வருவதாக இல்லை. கடைசியில், "உன் விசா முடிஞ்சுபோச்சு தாயி, நான்தான் யார் யாரையோ பார்த்துச் சமாளிச்சிட்டிருக்கேன், போலீஸ்கிட்டப் போனேன்னா உள்ள தூக்கி வச்சிருவான்" என்றார். விசா முடிந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும், பாஸ்போர்ட்டைத் திறக்க வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும், பெட்டியின் சாவி அண்ணாச்சியின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. இதை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல?

இதற்குள் ஊரில் மகிழினி அக்காவை அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். என்னை "போன் அம்மா" என்றாள். வீடியோவில் நான் வந்தால், "போன் அம்மா வந்திருக்கு" என்று அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு விளையாட ஓடிவிடுவாள். அதைக் கேட்ட அன்றைக்கு நான் பார்த்த துணியில் ஒரு கறைகூட என் கண்ணில் படவில்லை.

அண்ணாச்சியின் ஆட்கள் எல்லாருக்கும் சமைத்துப் போடுகிற நயினார் என்கிற பெரியவர் மட்டும்தான் எனக்குப் பேச்சுத்துணை. நான் பாஸ்போர்ட் என்று வாயெடுத்தாலே, அவர் கரண்டியால் சட்டி விளிம்பைத் தட்டுவார். "வாயை மூடிக்கிட்டு இரும்மா. சோறு போடுதாரு, இடம் குடுத்திருக்காரு. நாம எங்க போயிரப் போறோம்?" என்பார். அவருடைய பாஸ்போர்ட்டும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. எத்தனை வருஷமாக என்று அவரும் சொன்னதில்லை, எனக்கும் கேட்க மனம் வந்ததில்லை.

அந்த இலையுதிர்காலத்தில்தான் எனக்குப் புதிதாகச் சிநேகிதர்கள் கிடைத்தார்கள். எங்கள் குடியிருப்புச் சதுக்கத்தில் காலையும் மாலையும் பெண்கள் வரிசைகட்டி நடனம் ஆடுவார்கள். அவர்களுக்குத் தலைவி ஃபாங் ஆயி. அங்கே சித்தி, அத்தை வயதில் இருக்கிற யாரையும் ஆயி என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், ஆளை அதட்டியே பழகிய தொண்டை. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த என்னை ஒருநாள் கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்துவிட்டாள், அவ்வளவுதான், சிநேகம். இன்னொருத்தி சியாவ்மான், எங்கள் கடைக்கு எதிரே பொத்தானும் ஜிப்பும் விற்கிற பெண், எனக்குச் சந்தைச் சீனம் கற்றுக்கொடுத்தவள். அவளுடைய மாமா லாவ் சென்னுக்குச் சொந்தமாக ஒரு டாக்ஸி. எங்களுக்கு விடுமுறை கிடைத்த ஒரு நாள் காலையில், வேகவைத்த நிலக்கடலையும் தேயிலைத் தண்ணீரில் ஊறிய முட்டையும் கட்டிக்கொண்டு, நாலுபேருமாக அந்த டாக்ஸியில் கொக்குமலைக்குப் போனோம்.

மலை முழுக்கக் கல் படிகள். ஏறுகிறவர்களைப் பார்த்து இறங்குகிறவர்கள், "எண்ணெய் ஊற்று, எண்ணெய் ஊற்று" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். உற்சாகப்படுத்துவதற்கு அங்கே அப்படித்தான் சொல்வது. தோல் சீவிய வெள்ளரிக்காயைக் குச்சியில் குத்தி விற்றார்கள். ஃபாங் ஆயி வழியில் போனவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்தியாக்காரி, என் தங்கச்சி" என்று பெருமை அடித்துக்கொண்டு வந்தாள். எனக்கோ, மேலே ஏற ஏற, கீழே பெட்டிக்குள் கிடக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தின் நினைப்புதான். இத்தனை பெரிய மலையே வெட்டவெளியில் நிற்கிறது, என் பெயர் எழுதிய புத்தகம் மட்டும் பூட்டுக்குள் கிடக்க வேண்டுமா?

உச்சியில் ஒரு வழக்கம் உண்டு. கீழே சொல்ல முடியாததை வாயில் இரண்டு கையையும் குவித்து மலையிடம் கத்த வேண்டும். சியாவ்மான், தன்னோடு வந்து தங்கியிருக்கிற மாமியார் ஊருக்குத் திரும்பிப் போய்விட வேண்டும் என்று கத்தினாள், எதிரொலி உடனே வந்தது. லாவ் சென் இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று கத்தினார், அவருடைய இருமலோடு சேர்ந்து அதுவும் வந்தது. ஃபாங் ஆயி சும்மா "ஓ" என்றாள், மூன்று மலை திருப்பிச் சொன்னது. பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைக் குவித்தேன். அண்ணாச்சி என்று வர வேண்டிய இடத்தில் அது வரவில்லை.

"ஏய் ஞானதிரவியம்! என் பாஸ்போர்ட்டைக் குடுடா!"

எதிரொலி வரவில்லை. முட்டையை உரித்துத் தின்றபடி காத்திருந்தோம், கடலை தீர்ந்தது, பனி வந்து மலையை மூடியது, அப்போதும் வரவில்லை. என்ன கத்தினாய் என்று கேட்டார்கள், சொன்னேன், பெட்டியைச் சொன்னேன், மகிழினியைச் சொன்னேன். சியாவ்மான் அழுதாள். ஃபாங் ஆயி அழவில்லை. முட்டை ஓட்டைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சில குரல் அப்படித்தான். திரும்பி வராது. யாரைக் கூப்பிட்டதோ அவனைத் தேடிக்கொண்டு போகும். நாம் இறங்குவோம்" என்றாள்.

மறுநாள் காலையில், ஆவி பறக்கும் பன் விற்கிறவர் கடை திறக்கிற நேரத்தில், என் குரல் கால்வாய்ப் பக்கமாக ஊருக்குள் வந்தது. நான் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தேன், வாய் முழுக்க நுரை. குரல் பாலத்தில் ஏறி இறங்கி, பன் கடையைத் தாண்டி, சந்தைக்குள் நுழைந்து, மூன்றாம் மாடிக்கு ஏறி, அண்ணாச்சி கடையின் ஷட்டருக்கு முன்னால் நின்று, முழுவதையும் ஒருமுறை சொல்லிவிட்டு, மறுபடியும் கால்வாய்ப் பக்கமிருந்து புறப்பட்டு வந்தது. அன்றைக்கும் வந்தது, அடுத்த நாளும் வந்தது, மழை நாளில் கொஞ்சம் ஜலதோஷம் பிடித்தாற்போல் வந்தது, ஆனால் வந்தது.

அந்த ஊர்க்காரர்கள் இதற்காக ஒருநாள்கூட வேலையை நிறுத்தவில்லை. பன் கடைக்காரர் குரல் ஒருமுறை போகும்போது மூங்கில் தட்டை அடுப்பில் ஏற்றினார், மறுமுறை வரும்போது இறக்கினார், முன்னைவிடப் பதமாக வேகிறது என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கு ஏற்றாற்போல் கயிறு தாண்டினார்கள். டீக்கடைக்காரி தூர நடந்து வருகிறதே என்று வாசலில் அதற்கென ஒரு முக்காலி போட்டாள். மத்தியானம் எல்லாரும் கண்ணயர்கிற நேரத்தில் சத்தம் போட வேண்டாம் என்று குடியிருப்புக் குழு பாலத்தில் பணிவாக ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டியது. குரலும் அந்த மரியாதையைக் காப்பாற்றி, மத்தியானங்களில் பாலத்துக்கு அடியில் இளைப்பாறிவிட்டு, ஊர் எழுந்தபிறகு கிளம்பியது.

இவர்களுக்காவது தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். அந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு, அவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, சங்கத்துக்குத் தலைவர் வேறு யார், அண்ணாச்சிதான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் கூடியபோது, செயலாளர் வைகுண்டமணி என்னை நடுவில் நிற்கவைத்துக் கேட்டார்.

"ஏம்மா, இது உன் குரல்தானே?"

"ஆமா."

"பாஸ்போர்ட் விஷயம் இருக்கட்டும். அது உங்களுக்குள்ள. வயசுல பெரியவர, ஊரே கேக்கும்படியா, டா போட்டிருக்கியே. சீனாக்காரன் முன்னால நம்ம மானம் என்னாவுறது?"

"அவங்களுக்குத்தான் ஒரு வார்த்தையும் புரியாதே சார்."

"நமக்குப் புரியுதுல்ல?"

"புரியுதுல்ல? அப்ப வாங்கிக் குடுங்க."

யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஓர் அம்மாள், "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு சத்தம் ஆகாது" என்று எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள். நான் மறுபடி மலைக்குப் போய், மன்னித்துவிடுங்கள் அண்ணாச்சி என்று கத்திவிட்டு வர வேண்டும், அது வந்து இதை அழித்துவிடும் என்று தீர்மானம் போட்டார்கள். பெட்டியில் பூட்டியது இவர்கள் மானத்துக்குக் குறைச்சல் இல்லை, கேட்டதுதான் குறைச்சல்! போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பிரியாணியைத் தொடாமல் வந்துவிட்டேன்.

அண்ணாச்சி மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. குரல் தினம் தன் கடை வாசலில் நிற்பதைப் பார்த்து இது என்ன என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டபோது, கண்ணை மூடிக் கைகூப்பி, "எங்கள் ஊர்ச் சாமிப்பாட்டு. வியாபாரம் செழிக்கப் பாடுவது. புண்ணியம் செய்தவன் வாசலில்தான் நிற்கும்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மறுநாளே அந்த ஷட்டருக்கு முன்னால் ஆரஞ்சுப் பழம் வைத்து ஊதுபத்தி கொளுத்தினார்கள். அதிர்ஷ்டக் கடை என்று பெயராகி, கூட்டம் நெருக்கியது, துணி ஓடியது, துணி ஓட ஓட எனக்கு வேலை கூடியது. என் தொண்டையிலிருந்து வந்த குரல் என்னைப் பிடித்துவைத்திருக்கிறவனுக்கே ஆள் பிடித்துக் கொடுத்தது. கண்ணாடிமேல் ஓடுகிற துணியைப் பார்த்துக்கொண்டே நான் பல்லைக் கடித்த கடியில் கடைவாய்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியது.

ஒருநாள் மாலை சதுக்கத்துக்குப் போனால், ஃபாங் ஆயியின் வரிசைப் பெண்கள் எல்லாரும் என் குரலுக்குத் தாளம் கட்டி, விசிறியை விரித்து மடக்கி, "ஏய் ஞானதிரவியம்" என்று பாடி ஆடிக்கொண்டிருக்கிறார்கள்! உச்சரிப்பு அச்சு அசலாக என்னுடையது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஃபாங் ஆயி, உனக்கு அர்த்தம் தெரியும். மலையில் வைத்துச் சொன்னேன். தெரிந்துமா இதை வைத்து டான்ஸ் ஆடுகிறாய்?"

அவள் விசிறியை மடக்கி இடுப்பில் செருகினாள். "எனக்கு மட்டும் இல்லை. இதோ, இவர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லிவிட்டேன்."

"பிறகு?"

"உன் குரல் நல்ல குரல்தான். ஆனால் அதற்குக் கை இல்லை. வாசலில் நின்று கேட்கிறது, அவன் கொடுத்தால் எதில் வாங்கும்? கண்டக்டராக இருந்தவள் நான், கையை நீட்டாமல் ஒருத்தனிடமிருந்தும் வாங்க முடியாது. நீயும் வரிசையில் வந்து நில், இடது காலை முதலில் வை."

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் போய் நின்றேன்.

தை பிறந்தது. சங்கம் ஒரு ஹோட்டல் கூடத்தை வாடகைக்குப் பிடித்துப் பொங்கல் விழா வைத்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி சிறப்பு விருந்தினர். அண்ணாச்சியின் சாமிப்பாட்டு ஊரெல்லாம் பிரபலம் ஆயிற்றே, அதைச் சதுக்கத்துப் பெண்கள் நடனமாக ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, விழாவில் அதைப் பார்க்க வேண்டும் என்று அதிகாரியே ஆசைப்பட்டுச் சொல்லியனுப்பினார். வைகுண்டமணி வேண்டாம் வேண்டாம் என்று அண்ணாச்சியின் காதைக் கடித்தார். சாமிப்பாட்டை எப்படி வேண்டாம் என்பது? "பாடட்டும், பாடட்டும்" என்றார் அண்ணாச்சி. தான் சொன்ன பொய்யைத் தானே விழுங்கவேண்டிய முகம் அது.

பட்டு வேட்டியோடு அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பானை பொங்கியது, குலவை இட்டார்கள், கரும்பு கடித்தார்கள். சிவப்புச் சட்டை போட்ட பெண்கள் மேடையில் ஏறி, விசிறியை விரித்து, காலை உதைத்து, அத்தனை பேரும் ஒரே தொண்டையாக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தமிழ்க் குடும்பங்கள் வாயில் வைத்த கரும்பைக் கடிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து என் குரலும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, நடைபாதை வழியாக நடந்து, எனக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றுகொண்டது. கடைசி அடியில் விசிறிகள் மடங்கின, தாளம் நின்றது, நாங்கள் எல்லாரும் மேடையிலிருந்து இறங்கி அண்ணாச்சியைச் சுற்றி நின்று வலது கையை நீட்டினோம்.

கூடம் கை தட்டியது. அண்ணாச்சியும் தட்டினார். தட்டி முடித்தபிறகும் கைகள் இறங்கவில்லை.

அதிகாரி சிரித்துக்கொண்டே, "சாமியிடம் என்ன கேட்கிறார்கள்?" என்று விசாரித்தார்.

"சாமியிடம் இல்லை, இவரிடம்தான்" என்றாள் ஃபாங் ஆயி, பஸ்ஸின் கடைசி இருக்கைக்கும் கேட்கிற குரலில். "இந்தப் பெண்ணின் பாஸ்போர்ட்டைக் கேட்கிறோம். இவர் பெட்டியில் இருக்கிறது. இவளுக்கு ஊரில் ஒரு மகள் இருக்கிறாள்."

"விளையாட்டு, எல்லாம் விளையாட்டு" என்று அண்ணாச்சி சீனத்தில் சிரித்தார். அதிகாரி சிரிப்பதை நிறுத்திவிட்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய கையை யாரும் இறக்கவில்லை. கை நோகிறவளின் முழங்கையைப் பக்கத்தில் நிற்கிறவள் தாங்கிப் பிடித்தாள். அண்ணாச்சி கடைசியில் வேட்டிக்குள் கையை விட்டுச் சாவியை அவிழ்த்து, வைகுண்டமணியிடம் கொடுத்து அனுப்பினார். அவர் சந்தைக்கு ஓடிப்போய் ஓடி வருகிறவரையிலும் கைகள் அப்படியே நின்றன.

பாஸ்போர்ட்டை அண்ணாச்சி பரிசு கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நீட்டினார். கூடம் மறுபடி கை தட்டியது. சங்கத்து வாட்ஸ்அப்பில் அந்தப் படத்துக்குக் கீழே, தலைவரின் பெருந்தன்மை என்று எழுதிப் போட்டார்கள். என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டு, எல்லாரும் கேட்க, "இதுக்குப் போயி இம்புட்டா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா தாயி?" என்றார் அண்ணாச்சி. நான் பாஸ்போர்ட்டைத் திறந்தேன். விசா முடியவே இல்லை. அடுத்த ஆனி வரைக்கும் நன்றாகவே இருந்தது.

மறுநாள் காலையில் குரல் வரவில்லை. பன் கடைக்காரர் தட்டை இறக்க மறந்து அத்தனையையும் குழைய விட்டார். நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று லாவ் சென் டாக்ஸியில் என் துணிப்பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, நயினார் குல்லாவும் கம்பளிச் சட்டையுமாக, கையில் ஒரு பொட்டலம் அவித்த முட்டையோடு வந்து நின்றார்.

"வழியில சாப்பிடக் கொண்டாந்தீங்களா?" என்றேன்.

"இது எனக்கும்மா" என்றார். "அந்த மலைக்கு எந்த பஸ்ஸுல போகணும்?"

சொன்னேன். சமையல் வேலையில் மூட்டு தேய்ந்த கால், படி ஏறுமா என்று எனக்குக் கவலையாக இருந்தது. லாவ் சென் அவரைப் பார்த்து, "எண்ணெய் ஊற்று" என்றார்.

கோவில்பட்டியில் மகிழினி கதவுக்குப் பின்னால் நின்று, போனுக்குள் இருந்த அம்மா இவ்வளவு பெரிதாக இருப்பதை நம்பாமல் என்னைப் பார்த்தாள். முதல் நாள் கிட்டே வரவில்லை. இரண்டாம் நாள் வந்து என் கால்விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினாள். அதற்கடுத்த ஒரு காலையில் நான் தலைவாரிவிட அவள் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. சியாவ்மான்தான். அவள் போனைச் சன்னலுக்கு வெளியே நீட்டினாள். கால்வாய்ப் பக்கமிருந்து, பாலத்தில் மூச்சு வாங்கி ஏறி, ஒரு கிழக்குரல் அண்ணாச்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் கண்டக்டர் தொண்டையில் யாரோ இடது கால், வலது கால் என்று எண்ணுவதும் கேட்டது.

"யாரும்மா அது?" என்றாள் மகிழினி.

"நயினார் தாத்தா. தன்னோட சாமானைக் கேக்காரு."

"அது அவரு சாமானா?"

"அவரோடதுதான்."

அவள் சீப்பு மாட்டிய தலையை அப்படியே திருப்பி என்னை முறைத்தாள்.

"அவரு சாமான்னா, அவரு ஏன் கேக்கணும்?"